புங்கடி அம்மன் கொடுத்த உத்தரவு

ஏறுங்க சார், ஏறுங்க. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு இந்த வெயில்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறீங்க, பாத்துட்டுப் போக மனசு வரல. செங்கல்பட்டுதானே? நானும் அங்கதான். அந்தப் பார்சலை மடியிலயே வெச்சுக்குங்க, பின் சீட்டு பூரா என் பேப்பர் கிடக்கு. சுவர்க் கடிகாரமா? நல்ல பரிசு. யாரும் கொடுக்காத பரிசு. முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய் விட்டுடறேன், கவலையை விடுங்க. தாலி கட்டுறப்ப நீங்க அட்சதை போடறீங்க, அதுக்கு நான் பொறுப்பு.

ஏன் சார், ரயில்ல போகலை? ஏற முடியலையா? அப்படிச் சொல்லுங்க. வந்த வண்டியெல்லாம் அடைச்சுக்கிட்டு வந்துதா. வேட்டி அவுந்துடும்னு இறங்கிட்டீங்களா! சிரிக்கல சார், சிரிக்கல. ரயிலை நம்பினா இதான் கதி, அதைத்தான் நான் ஊரு பூரா கத்திக்கிட்டிருக்கேன். ஒருத்தன் காதுலயும் ஏற மாட்டேங்குது.

கண்ணாடியை ஏத்திடுங்க, புகை வரும். ஏசி போட்டிருக்கேன். பின்னாடி கண்ணாடியில ஸ்டிக்கர் பாத்தீங்களா? 'மரம் வளர்ப்போம்'. நானே எழுதி அடிச்சது. எங்க நகர்ல எல்லார் காருக்கும் நானே போய் ஒட்டினேன். என் பேரு திருஞானம். அமுதம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். இன்சூரன்ஸ்ல இருந்து ரிடையர் ஆனவன். இப்ப முழு நேரமும் சுற்றுச்சூழல்தான். ஒரு கார்ல ஒரு ஆள் தனியாப் போறது தப்புன்னு எனக்குத் தெரியும் சார், அதனாலதான் உங்களை ஏத்தினேன்.

இன்னிக்கு எனக்கு முக்கியமான நாள். கலெக்டர் ஆபீஸ்ல கருத்துக் கேட்புக் கூட்டம். எங்க நகருக்குப் பின்னாடி புதுசா ஒரு தண்டவாளம் போடறாங்களாம். லைன் ஒண்ணு கூடினா எலக்ட்ரிக் டிரெயின் நிறைய விடலாமாம். போடட்டும், யார் வேணாங்கறா? ஆனா அதுக்கு என் புங்க மரத்தை வெட்டணுமாம். விடுவேனா? அங்க போய் மைக்கைப் பிடிச்சுக் கேக்கப் போறேன். கேள்வியெல்லாம் பின் சீட்டுல இருக்கு. நான் பேசினா முடிஞ்சுது, ஒரு கிளையைத் தொட மாட்டாங்க.

என்ன இது, இப்பவே நின்னுடுச்சு? லாரி ஏதாவது குறுக்க திரும்புதோ என்னவோ. நகந்துடும். இந்த ரோடு எனக்கு அத்துப்படி.

அந்த மரத்தை நீங்க பாக்கணும் சார். எங்க நகருக்கு முன்பக்கம் இந்த ரோடு, பின்பக்கம் தண்டவாளம். தண்டவாள வேலி ஓரமா வரிசையா புங்க மரம். சித்திரை மாசம் வந்து நில்லுங்க, பூவாக் கொட்டிக் கிடக்கும், கால் வைக்க மனசு வராது. இடம் ரயில்வே இடம்தான், ஒத்துக்கறேன். ஆனா நட்டது யாரு? நான். விழா எடுத்து, பந்தல் போட்டு, பேப்பர்ல போட்டோ வந்துது. மண்வெட்டியோட நான் நிக்கிற போட்டோ, ஹால்ல மாட்டியிருக்கு. தினம் காலையில குடம் குடமாத் தண்ணி. அந்தப் பக்கம் குழாய் கிடையாது, வீட்டுலேர்ந்து தூக்கிக்கிட்டுப் போகணும். சும்மா வந்துடுமா மரம்?

நானா? நான் எப்படி சார் குடம் தூக்குவேன், எனக்கு இடுப்பு வலி. வச்சலா ஊத்துவா. என் சம்சாரம். நான் கூட நின்னு எந்த மரத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுவேன். அதுவும் வேலைதானே?

அந்த வச்சலாதான் இப்ப எனக்கு எதிரா நிக்கிறா. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். காலையில என்ன செஞ்சா தெரியுமா? குளிச்சு, புடவை மாத்திக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு, 'நான் கிளம்பறேன்'ன்னா. எங்கடின்னா, கூட்டத்துக்காம். சரி, என்னோட வருவான்னு நான் கார் கதவைத் திறந்தா, அவ பாட்டுக்கு எங்க தெருப் பொம்பளைங்களோட ஸ்டேஷனுக்கு நடந்து போயிட்டா. லைன் வேணும்னு பேசறதுக்கு. என் பொண்டாட்டி, நான் தலைவரா இருக்கிற நகர்ல, நான் பேசற கூட்டத்துல! எங்க செக்ரெட்டரி குப்புராஜ் என்னோட கார்ல வர்றேன்னு சொல்லியிருந்தான், அவனும் நைசா அவங்க பின்னாலயே ரயில் ஏறிட்டான். எதிர்ப்பு மனுவுல கையெழுத்துப் போட்ட முதல் ஆளு சார் அவன்.

இதோ பாருங்க, டேஷ்போர்டுல. இது என்ன சொல்லுங்க? இன்ஹேலர். அவளோடது. அவளுக்கு வீசிங் இருக்கு சார். வந்துட்டா மூச்சை இழுத்து இழுத்து, கண்ணெல்லாம் செருகி, பாக்கவே பயமா இருக்கும். கோவத்துல இதைக் கூட எடுக்காமப் போயிட்டா. அந்தக் கூட்டத்துல இடிபட்டு நிக்கறப்ப வந்துதுன்னா யார் கொடுப்பா? என் மேல கோவம்னா என்னைத் திட்டு, மருந்தை எதுக்கு விட்டுட்டுப் போற? காலையிலேர்ந்து எனக்கு இதே கவலைதான். கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதல்ல இதைக் கொண்டுபோய் அவ கையில கொடுக்கணும்.

நகருங்கய்யா... முன்னாடி ஒருத்தன் நகர்ந்தா பக்கத்துலேர்ந்து ரெண்டு பைக்கு மூக்கை நுழைக்குது.

வீசிங் எதனாலயா? அது அவங்க அம்மா வீட்டு வழி சார். அவங்க பாட்டிக்கு இருந்துதாம். அவ என்ன சொல்றா, இந்த ரோட்டுப் புகைதான்னு சொல்றா. எங்க படுக்கை ரூம் ஜன்னல் ரோட்டுப் பக்கம். காலையில துடைச்சா சாயந்திரம் விரல் வெச்சா கறுப்பா ஒட்டும், அது வாஸ்தவம். மாடியில மல்லிச்செடி வெச்சா, இலை பூரா கரி. துணியைக் கூடப் பின்பக்கம், தண்டவாளத்துப் பக்கம்தான் காயப் போடறோம், அங்க போட்டா வெள்ளை வெள்ளையாவே இருக்கும். அதுக்காக மூச்சுத் திணறலுக்கும் ரோட்டுக்கும் முடிச்சுப் போடறதா? ஊரடங்கு போட்டாங்களே, அப்ப இந்த ரோட்ல ஒரு வண்டி கிடையாது. அந்த மாசங்கள்ல அவ இன்ஹேலரைத் தொடவே இல்ல. உடனே அவ, 'பாத்தீங்களா'ங்கறா. நான் சொன்னேன், அசடே, நான் நாள் பூரா வீட்டுல உன் கூடவே இருந்தேன்ல, அந்த தைரியத்துல உனக்கு வரலடின்னேன். காய்ஞ்ச துணியை எடுக்கப் பின்பக்கம் போயிட்டா. நியாயமா இருந்தா பதில் சொல்லியிருப்பாளே?

அதோ ஒரு ரயில் போகுது பாருங்க. படியில எப்படித் தொங்கறாங்க! எங்க தெருத் தேன்மொழி சொல்லும். மாம்பலத்துல துணிக்கடையில பில் போடற பொண்ணு. தினம் ஒத்தைக் கால்ல நின்னுட்டுப் போய்வர்றதா சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லுச்சு. அதோட விட்டாப் பரவாயில்ல. 'எங்க வீட்டுக்காரர் ரயில்ல கால் வைக்க இடமில்லாமத்தான் பைக்ல போறாரு, அவர் மாதிரி எத்தனை பேர் சார் இந்த ரோட்ல? இன்னும் நாலு வண்டி விட்டா அத்தனை பைக்கும் வீட்டுல நிக்கும், உங்க சம்சாரத்துக்கும் மூச்சு வரும்'னுச்சு. எல்லார் எதிர்லயும். என் வீட்டு விஷயம் அதுக்கு எப்படித் தெரியும்? வச்சலாதான் சொல்லியிருக்கா. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மரத்தைப் பத்திப் பேசற இடத்துல மூச்சைப் பத்தி எதுக்கும்மா பேச்சுன்னு உக்கார வெச்சுட்டேன்.

முதல்ல மனு போட்டேன் சார். பதிலே இல்ல. அப்புறம்தான் ஒரு வேலை செஞ்சேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க கல்யாணத்துல இறங்கிப் போயிடுவீங்க. வேற யாருக்கும் தெரியாது, வச்சலாவுக்கே தெரியாது. காலையில எல்லாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி போய், நடு மரத்தடியில ஒரு செங்கல்லை நட்டேன். வீட்டுல மாடிப்படி கட்டினப்ப மிச்சமான கல்லு. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, பரண்ல கிடந்த பழைய மஞ்சள் புடவையைக் கிழிச்சு மரத்துல சுத்திட்டு வந்துட்டேன். சாமி இருக்கிற மரத்துல எவன் சார் கோடாலி வைப்பான்? எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா மரத்தைக் காப்பாத்தணும்னா எதையும் செய்வேன். செய்யத்தான் செய்வேன். தப்புன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்.

எடுபட்டுது சார்! ஒரே வாரத்துல புங்கடி அம்மன்னு பேர் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமைன்னா விளக்கு, எலுமிச்சம்பழம், பொங்கல். அளக்க வந்த ஆளுங்க செருப்பைக் கழட்டிட்டு ஓரமா நின்னு அளந்தாங்க. குப்புராஜ் வந்து, 'தலைவரே, தெய்வமே நம்ம பக்கம் நிக்குது'ன்னான். நான் வாயைத் திறக்கல. உள்ளுக்குள்ள சிரிப்பு எனக்கு.

அங்கதான் வந்துது வினை. பொம்பளைங்க மரத்துல மஞ்சத் துணி முடிஞ்சு வேண்டிக்கறாங்க இல்ல? என்ன வேண்டிக்கறாங்கன்னு நான் கேக்கல. பிள்ளை வரம், கல்யாணம், வேற என்ன இருக்கப் போகுதுன்னு இருந்துட்டேன். ஒரு நாள் தேன்மொழியை நிறுத்தி, என்னம்மா வேண்டுதல்னு விசாரிச்சா, 'சீக்கிரம் லைன் வரணும் சார், உக்காந்துட்டுப் போகணும்'ங்குது. எல்லாமே அதான் சார்! அந்த மரத்துல தொங்கற அத்தனை துணியும் ரயில் வேணும்னு முடிஞ்ச துணி! லைன் வரக்கூடாதுன்னு நான் வெச்ச அம்மன்கிட்ட!

செங்கல்னு சொன்னா மரம் போச்சு, என் மானமும் போச்சு. அம்மன்னு சொன்னா, அவங்க வேண்டுதலைத் தடுக்க நான் யாரு?

அப்பத்தான் வச்சலா ஒரு யோசனை சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, அவ குரலே அப்படித்தான். 'நமக்குள்ள எதுக்குச் சண்டை, பூக் கேட்டுடலாம்'னு. வெள்ளைப் பூ வந்தா லைன் வரலாம்னு அம்மன் உத்தரவு, சிவப்பு வந்தா வேணாம். எல்லாப் பொம்பளைங்களும் சரின்னுட்டாங்க. ரெண்டு வெத்தலையில பூவை மடிச்சு, நூல் கட்டி, அம்மன் காலடியில வெச்சாச்சு. யார் எடுக்கறது? 'சார்தான் தலைவர், சாரே எடுக்கட்டும்'னு தேன்மொழி சொல்லிடுச்சு. ஊரே நிக்குது. மாட்டேன்னு சொல்ல முடியுமா? கண்ணை மூடிக்கிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேர்னு.

நான் விடுவேனா? ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சிருப்பாங்கன்னு, சட்டுனு குனிஞ்சு அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சேன். செவ்வரளி சார். நியாயமாத்தான் கட்டியிருக்காங்க. நானே பிரிச்சுக் காட்டினதுல சந்தேகம் இருந்தவங்களுக்கும் தீந்து போச்சு. குலவை போட்டாங்க பாருங்க, போற ரயில்லேர்ந்து எட்டிப் பாத்தாங்க. வச்சலா கன்னத்துல போட்டுக்கிட்டு அழறா. எதுக்கு அழறேன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, இனிமே ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கலாம்ல'ங்கறா. ரயில் வந்தா ரோட்டுப் புகை எப்படிடி போகும்னு கேட்டேன். 'போற ஜனம் அதுல போனா, இதுல யாரு போவா'ன்னா. படிக்காதவ மாதிரிப் பேசறா. நான் போவேனே!

ஆனா நான் அசரல. யோசிச்சுப் பாத்தேன். அம்மன் லைன் வரலாம்னுதானே உத்தரவு கொடுத்தா? மரத்தை வெட்டலாம்னு சொன்னாளா? அதை யாரும் கேக்கவே இல்லையே! இன்னிக்கு மைக்ல அதைத்தான் சொல்லப் போறேன். லைனை வேற எங்கயாவது தள்ளிப் போட்டுக்கோ, என் மரத்தைத் தொடாதே. எப்படி என் பாயிண்ட்?

என்ன சார், கடிகாரத்தைப் பாக்கறீங்க. அது பரிசுக் கடிகாரம், ஓடாது. போயிடலாம் சார். சுங்கச்சாவடி தாண்டிட்டா அப்புறம் பறந்துடும். இந்த ரோட்டை இன்னும் அகலப்படுத்தணும், அதுக்கும் ஒரு மனு போட்டிருக்கேன். ஓரத்துல புளிய மரம் நிறைய இருக்கு, நாலஞ்சு எடுத்தாப் போதும்... அது வேற விஷயம் சார். அது நான் நட்டதில்ல.

இருங்க, போன். வச்சலா. வண்டி ஸ்பீக்கர்லயே வரும்.

சொல்லும்மா. வந்துட்டேன், கிட்டத்துல வந்துட்டேன். ஆரன் சத்தமா? அது பக்கத்து வண்டி. இதோ அஞ்சு நிமிஷம். என்னது? முடிஞ்சுதா? நான் வராம எப்படி முடிப்பாங்க? தலைவர் வர்றாருன்னு குப்புராஜ் சொல்லலையா? யாரு பேசினா? நீயா? நீ மைக்ல பேசினியா? என்ன பேசின? ... ம். ... ம். ... சரி, அது எதுக்கு இப்ப? உனக்கு யார் சொன்னா? ... சரி. முதல்ல ஒண்ணு சொல்லு, மூச்சு எப்படி இருக்கு? உன் இன்ஹேலர் இங்க கிடக்கு, அதைக் கொடுக்கத்தான் நான்... சரி. சரி. வை.

கேட்டீங்களா சார்? உங்க காதாலயே கேட்டீங்கல்ல? என்ன பேசியிருக்கா பாருங்க. 'சங்கத் தலைவர் மரத்துக்காகப் பேச வந்துட்டிருக்கார். நான் என் மூச்சுக்காகப் பேசறேன். அந்த மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்தினவ நான்தான். வேரோட பேத்து எங்க ஏரிக்கரையில நட்டுக் கொடுங்க, திரும்ப முதல்லேர்ந்து ஊத்தறேன். லைனைப் போடுங்க.' இப்படிச் சொன்னாளாம். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்களாம். வீட்டுல நாலு வார்த்தை சேந்தாப்பல பேச மாட்டா சார் அவ. எனக்கு இப்பத்தான் தெரியுது அவளுக்குப் பேச வரும்னு.

அந்தச் செங்கல்லும் அவளுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியுமாம். கிழிச்சது அவ கூறைப் புடவையாம். அடையாளம் தெரியாம இருக்குமாங்கறா. தெரிஞ்சும் எதுக்குடி விளக்கு ஏத்தினன்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள சொல்லிட்டா. 'கல்லை வெச்சது நீங்க. கும்பிட்டது நாங்க.'

என்ன திமிரு பாருங்க. சரியாத்தான் சொல்றான்னு நீங்க நினைக்கறீங்க, உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நினைச்சுக்குங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மேல போவேன். கோர்ட்டுக்குப் போவேன். அந்த மரத்தை நான் என் பிள்ளைங்க மாதிரி... விடுங்க சார். ஏசியைப் போட்டும் இந்தப் புகை எப்படித்தான் உள்ள வருதோ.

இந்த இன்ஹேலர் விஷயம்தான் சார் எனக்கு ஆறல. கோவத்துல மறந்துட்டுப் போயிட்டான்னு காலையிலேர்ந்து தவிச்சுக்கிட்டிருக்கேன். மறக்கலையாம். 'அது கார்லயே இருக்கட்டும், எனக்குக் கார்ல வர்றப்பதான் அது வேணும்'ங்கறா. எத்தனை வருஷமா இந்த சீட்டுல, இதோ நீங்க உக்காந்திருக்கிற இதே சீட்டுல உக்காந்துட்டு வர்றா. ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதில்ல. நான் பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருப்பேன்.

எங்க சார், கதவைத் திறக்கறீங்க? அதுவா, ஆமா, ஸ்டேஷன்தான், காலையில வச்சலா ஏறின எங்க ஸ்டேஷன். அந்தப் பக்கம் படி ஏறி இறங்கணும். கூட்டமா இருக்குமே, வேட்டி? சரி. போங்க. முகூர்த்தம் உங்களுக்கு முக்கியம், நான் தப்பா நினைக்கல. நானா? நான் எப்படி வர முடியும், நடு ரோட்டுல காரைப் போட்டுட்டு? நகந்துடும் சார், இப்ப நகந்துடும். ஒரு உதவி. ஸ்டேஷன்ல எதிர்ப்பக்கம் பொம்பளைங்க கும்பலா வந்து இறங்கினா, பழுப்பு நூல் புடவை கட்டினவ, தலையில பூ வெச்சிருப்பா, ஒல்லியா. அவதான். நான் இங்க நிக்கறேன்னு சொல்லிட வேணாம். மூச்சு சீரா விடறாளான்னு மட்டும் ஒரு தடவை பாருங்க.

கடிகாரத்தை எடுத்துக்குங்க. கதவை நல்லாச் சாத்திட்டுப் போங்க சார், புகை உள்ள வருது.